மாராவிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல்

1996 ஆகஸ்டு மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. அல் ஐன் டாக்சி நிலையத்தில் துபாய் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். ஆளுக்கு முப்பது திர்ஹம்; தூரம் நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம். வெயில் அப்போதே கண்ணைக் குத்தியது. எங்கள் பெட்டியிலோ இரண்டு கம்பளி ஸ்வெட்டர்கள். ஆகஸ்டில் அல் ஐனில் ஸ்வெட்டர் கேட்டுக் கடை ஏறினால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நல்லவேளை, மச்சானின் கடையிலேயே போன குளிர்காலத்தில் விலைபோகாத சரக்கு கிடந்தது.

மச்சான் என்றால் என் கணவர். கீழக்கரையில் நாங்கள் கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் சொல்லி எழுத எனக்குக் கை வரவில்லை. பதினொரு வருடமாக அல் ஐனில் துணிக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளி விடுமுறைக்கு என் அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, அவளோடு ஊருக்குப் போயிருந்தார்கள். துபாய் தேராவில் மொத்தமாகத் துணி எடுக்க வரும் நைரோபி வியாபாரி ஒருவர், "ஒரு தடவை வாங்க பாய், சிங்கம் காட்டுறேன்" என்று வருடா வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டது மரியாதைக்குத்தான். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு, நச்சரித்து நச்சரித்துக் கிளப்பிவிட்டேன்.

மச்சான் தயங்கியதற்குக் காரணம் சிங்கம் அல்ல, செலவும் அல்ல. செப்டம்பரில் அவருடைய விசா முடிகிறது. புதுப்பிக்க மெடிக்கல் போகவேண்டும். ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். தாளில் 'தகுதியில்லை' என்று விழுந்தால் கடையும் இல்லை, வீடும் இல்லை. ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மெடிக்கல் வரும் மாதத்தில் எங்கள் ஆண்கள் தும்முவதற்குக்கூட யோசிப்பார்கள். காய்ச்சல் வந்தால் பெனடால் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போவார்கள். டாக்டரிடம் போனால் ஃபைலில் ஏறிவிடுமாம், ஃபைலில் ஏறினால் மெடிக்கலில் கேட்பார்களாம். போட்ட சட்டையோடு விமானம் ஏற்றப்பட்டவர்களின் கதை ஒவ்வொரு ரூமிலும் ஒன்று இருக்கிறது.

கிளம்புமுன் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டோம். அதற்குத் தரும் மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் நிறுத்திவிடுவார்கள். மலேரியாவுக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். வாரத்துக்கு ஒன்று. போவதற்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும். முதல் மாத்திரை போட்டதுமே மச்சானுக்குக் கெட்ட கனவு. கடையில் இருந்த துணிக்கட்டுகள் எல்லாம் எழுந்து நடந்துபோய் எதிர்க்கடைக்குள் நுழைந்துகொண்டனவாம். எழுந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை.

துபாயிலிருந்து நைரோபி ஐந்து மணி நேரம். இறங்கியதும் குளிர் முகத்தில் அடித்தது. விற்காத ஸ்வெட்டருக்கு மச்சான் அன்றுதான் மதிப்புக் கொடுத்தார். மறுநாள் காலை அந்த வியாபாரி அமர்த்திய வேனும் டிரைவரும் வந்தாயிற்று. டிரைவர் பெயர் கமாவ். நைரோபியில் குஜராத்திக்காரர் ஒருவரின் வொர்க்‌ஷாப்பில் இருந்தவர், இந்தி கொஞ்சம் பேசுவார். மச்சானின் வளைகுடா இந்தியும் அவருடைய கென்யா இந்தியும் சந்தித்ததில் இலக்கணம் பிழைக்கவில்லை. ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்தது. மூன்று நாளுக்கு ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு திர்ஹம் என்று பேச்சு, கூடாரமும் சாப்பாடும் சேர்த்து.

மசாய் மாரா நைரோபியிலிருந்து இருநூற்று எழுபது கிலோமீட்டர். நரோக் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் தார் ரோடு விடைபெற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். வழியெல்லாம் நான் காவல்காரியாக இருந்தேன். மூடி உடைக்காத பாட்டில் தண்ணீர் மட்டும்தான், பல் தேய்ப்பதற்கும் அதேதான். ஐஸ் கூடாது. வெட்டிவைத்த பழம் கூடாது. வாழைப்பழத்தை நாமே உரித்துத் தின்னலாம். இறைச்சி ஹலாலா என்று தெரியாததால் அவித்த முட்டையும், நான் கட்டிக்கொண்டு போயிருந்த மாசிக் கருவாட்டுச் சம்பலும்.

"ஊர்ல குளத்துத் தண்ணியக் குடிச்சு வளந்தவன் நான்" என்றார் மச்சான்.

"அந்த வயிறு வேற மச்சான். பதினோரு வருசமா ஏசிக்குள்ள இருந்த வயிறு இது. பேசாம குடிங்க" என்றேன்.

மாராவைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் மஞ்சள் புல். அதில் கறுப்பாக ஆயிரமாயிரம் காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட் என்கிறார்கள்), வரிக்குதிரைகள், ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கட்டளையிட்டது போல ஒரே திசையில். வியாபாரம் ஞாபகமே இல்லாமல் மச்சான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கமாவ் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "நீச்சே நஹி பாய்." என்ன நடந்தாலும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது.

இரண்டாம் நாள் மாலை அதுவும் நடந்தது. ஒரு சிங்கமும் அதன் பெண்களும் காட்டுமாட்டைத் தின்பதை ஆற அமரப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சின்ன ஓடை ஒன்றைக் கடக்கையில் பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. கமாவ் முன்னால் எடுத்தார், பின்னால் எடுத்தார்; சக்கரம் இன்னும் இறங்கியதுதான் மிச்சம். ரேடியோவில் யாரும் கிடைக்கவில்லை. சிங்கங்களை விட்டுவந்து ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கமாவ் வேனின் கூரைமேல் ஏறி நாலாபக்கமும் பார்த்தார். பிறகு இறங்கிவந்து மச்சானிடம் கெஞ்சாத குறையாக, "ஏக் பார், ஜல்தி" என்றார், ஒரே ஒரு தடவை, சீக்கிரம் என்று. இறங்கக் கூடாது என்று சொன்ன அதே வாய். மச்சான் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார், சட்டைக் கையை மடித்துவிட்டார், சேற்றில் இறங்கினார். என் வேலை டார்ச் லைட்டோடு புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பது. காற்றில் புல் அசைந்தாலும் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். எனக்குத் தெரிந்த சூராவையெல்லாம் ஓதிவிட்டேன்.

ஒரு வழியாக வண்டி மேலே ஏறியது. அதோடு மச்சான் விட்டாரா என்றால் இல்லை. காலைக் கழுவ ஓடைக்குப் போனவர் அப்படியே தொழுகைக்கு முகம் கைகால் கழுவி ஒளு செய்ய ஆரம்பித்துவிட்டார்.

"மஃரிப் நேரமாச்சுல்ல சபூரா. மூணு ரக்அத்துதான்."

"வண்டிக்குள்ள உக்காந்து தொழுங்க மச்சான். ஆபத்துல மார்க்கம் எடங்குடுக்குது."

அவர் காதில் வாங்கவில்லை. துண்டை விரித்தார். கமாவ் தலையில் அடித்துக்கொண்டு, சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி அவருக்கு முதுகு காட்டிக் காவல் நின்றார். அந்த மூன்று ரக்அத் முடிவதற்குள் என் உயிர் போய்ப்போய் வந்தது. என் பையில் கொசுக் களிம்பு இருந்தது. யாருக்கு அது ஞாபகம் வரும்? நாங்கள் மூன்று பேரும் சிங்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொசு தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. கூடாரத்துக்கு வந்தபிறகு மச்சானின் காலைப் பார்த்தேன். முழங்காலிலிருந்து பாதம் வரை தடிப்புத் தடிப்பாக இருந்தது.

ஒரு வாரத்தில் அல் ஐன் திரும்பினோம். வந்த வெள்ளிக்கிழமை என் மாத்திரையை நான் போட்டுக்கொண்டு, அவருடையதை நீட்டினேன்.

"கலாஸ்" என்றார். "பயணம் முடிஞ்சிருச்சு. இந்த மணல்ல எங்க இருக்கு கொசு?"

"இங்க உள்ள கொசுவுக்கு இல்ல மச்சான். அங்க கடிச்சதுக்கு."

"மெடிக்கலுக்கு ரத்தம் எடுக்குறப்ப இந்த மருந்து ரத்தத்துல தெரிஞ்சா? எதுக்குப் போட்டே, ஒனக்கு என்ன வியாதின்னு கேப்பான். நான் என்ன சொல்ல?"

டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்றேன். கேட்பதே ஆபத்து என்றார். கடையைச் சுற்றி இருப்பவர்களும் அதையே சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், மெடிக்கல் முடியும்வரை பெனடால்கூட வேண்டாம் என்றாராம். இன்னொருவர், ரத்தம் சுத்தமாக எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கச் சொன்னாராம். மச்சான் தினமும் இரண்டு எலுமிச்சம்பழம் குடித்தார். மாத்திரை மேசை டிராயரிலேயே கிடந்தது.

மூன்றாம் வாரம், மெடிக்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, கடையிலிருந்து மத்தியானமே வந்துவிட்டார். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. இவர் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டி நடுங்கினார். பிறகு உடம்பு கொதித்தது. பிறகு வியர்த்துக் கொட்டி, போர்வையைப் பிழியலாம் போல ஆயிற்று. காலையில் ஒன்றுமே நடக்காதது மாதிரி சவரம் செய்துகொண்டு கடைக்குப் போனார்.

"ஃப்ளூ" என்றார். மறுநாள் மறுபடியும் அதே நடுக்கம். அதற்கடுத்த நாளும் அப்படியே.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மச்சான், உங்க கால்ல விழுறேன்."

"சனிக்கெழம மெடிக்கல். அன்னைக்குக் காலையில பெனடாலப் போட்டு நின்னுருவேன். முடிஞ்சதும் நீ சொல்ற எடத்துக்கு வாறேன். அதுவரைக்கும் ஆப்பிரிக்கான்னு ஒரு வார்த்தை ஒங்க வீட்டு ஆளுகட்டகூட வாயத் தெறக்காத."

நான் கோபக்காரி. வழக்கமாக அவர் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்வேன். அந்த மூன்று நாள் மட்டும் பயம் என் வாயைக் கட்டிவிட்டது. பதினொரு வருட உழைப்பு அது. நான் அழைத்துப்போய், அதனால் விசா போனால், வாழ்நாள் முழுக்க அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். ஆப்பிரிக்காவுக்குக் கிளப்பியதும் நான்தானே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் விரிப்பை இரண்டு கையாலும் நீட்டி நீட்டி அளந்துகொண்டிருந்தார். "அஞ்சு மீட்டர். இதுவும் அஞ்சு மீட்டர். பார்ட்டி வெளிய நிக்கிது, கட்டிக் குடு" என்றார். கண் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்தார், யார் என்று தெரிந்துகொண்ட மாதிரி இல்லை. கஞ்சியை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடி டாக்சியை நிறுத்தினேன். பாகிஸ்தான் பட்டாணி டிரைவர்தான் அவரைத் தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்தவர் சூடான் நாட்டு டாக்டர், மெல்லிய ஆள். கையில் நாடி பிடித்தபடியே, சமீபத்தில் எங்காவது பயணம் போனீர்களா என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் கேட்டார். அவ்வளவு நேரம் நினைவில்லாமல் கிடந்த மனிதர் அந்தக் கேள்விக்கு மட்டும் கண் திறந்தார்.

"மாஃபி சஃபர்" என்றார். பயணமே இல்லை. "ஒன்லி ஷாப்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மச்சானும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. சிங்கத்தைப் பக்கத்தில் பார்த்தபோது இல்லாத பயம் அவர் கண்ணில் இருந்தது, அதுவும் என்னைப் பார்த்து.

"கென்யா" என்றேன். "மூன்று வாரமாகிறது. கொசு கடித்தது. மாத்திரையை நிறுத்திவிட்டார்."

டாக்டர் அதற்குமேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொண்டு ஒருவர் ஓடினார். முடிவு வருவதற்குள்ளேயே கையில் டிரிப்ஸ் ஏறிவிட்டது. மலேரியா, அதிலும் மூளைவரை போகிற ரகம். மறுநாள் மெடிக்கல் வரிசையில் நிற்பதாக இருந்தார் என்று சொன்னேன். "நாளைக்கு அவரால் நின்றிருக்க முடியாது" என்று டாக்டர் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

விசா என்ன ஆகும் என்று கேட்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. டாக்டருக்குக் கேள்வியே புரியவில்லை. "மலேரியாவுக்கா? வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்புவோம். நாட்டைவிட்டு அனுப்புவோம் என்று யார் சொன்னது?" என்றார். யார் சொன்னது? எல்லோரும் சொன்னார்கள். ஒரு ஆளைக் காட்டு என்றால் காட்ட முடியாது. மெடிக்கலைத் தள்ளிவைக்க அவரே கடிதம் கொடுத்தார். பின்னால் அக்டோபரில் மச்சான் போய் நின்றார், மூன்று வருடத்துக்கு முத்திரை விழுந்தது.

மருந்தின் வீரியத்தில் காது இரண்டும் இரைகிறது என்று சொல்லிக்கொண்டே மச்சான் தேறி வந்தார். தேறிய கையோடு வாயும் தேறியது. நான்காம் நாள் கடைத்தெரு ஆட்கள் பார்க்க வந்தபோது வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சும்மா பயப்படுறீக. சொன்னா விசாவெல்லாம் போகாது. நான் சொல்லலையா?" என்றார். சொன்னது யார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. உயிரோடு பேசுகிறாரே, அது போதும் என்று இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் பெரம்பலூர் பக்கத்து ஆள் ஒருவர் படுத்திருந்தார். பெயர் சண்முகம், நாற்பது வயதிருக்கும். கட்டட சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. நல்லது கெட்டது பேசமாட்டார். அடிக்கடி தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வார். கை வலிக்கிறது போல என்று நினைத்திருந்தேன். அன்று மச்சான் பாத்ரூம் போன நேரம் பார்த்து, "அக்கா" என்று கூப்பிட்டார்.

"பாய் சொன்னது நெசமாக்கா? சொன்னா விசாவ ஒண்ணும் பண்ணமாட்டாங்களா?"

"ஏன் தம்பி, காய்ச்சலா?"

"காய்ச்சல் சாயங்காலமானா வரும். அது இல்ல. இருமல்." சொல்லும்போதே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"எவ்வளவு நாளா?"

"நோன்புக்கு முன்னாடியிலேர்ந்து. கேம்ப்புல யாருக்கும் தெரியாது. ஊர்ல கட்டுற வீடு இப்பதாங்க்கா லிண்டல் மட்டம் வந்துருக்கு. மேல கான்கிரீட் போட்டுட்டா நானே போயிருவேன்."

நோன்பு முடிந்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது டி.பி. இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பயம் வெறும் பேச்சு என்று ஆகிவிட்டது. இவருடைய பயம் அப்படியல்ல. என் கணவர் என்பதால் அவர் வாயை மீறி நான் பேசினேன். முன்பின் தெரியாத மனிதரின் வீட்டுக் கூரைக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? பொய் சொல்லித் தேற்றவும் மனம் ஒப்பவில்லை.

"பாய் சொன்னது மலேரியாவுக்கு, தம்பி. இதுக்கு அனுப்பினாலும் அனுப்புவாக" என்றேன். "ஆனா ஊரு போய்ச் சேருவீக. இப்படியே அமுக்கிக்கிட்டுக் கெடந்தா அதுவும் நிச்சயமில்ல."

சண்முகம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மச்சான் திரும்பிவந்து படுத்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் மலையாள நர்சோடு வார்டுக்குள் வந்தார். மச்சானின் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுச் சண்முகத்தின் கட்டிலுக்குப் போனார். விரல்களை அசைக்கச் சொன்னார், சீட்டில் ஏதோ எழுதினார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று நர்ஸ் கேட்டாள். சண்முகம் என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு தலையணையை எடுத்துக் கால்மாட்டில் தள்ளிவிட்டு, எழுந்து உட்கார்ந்து, அடக்காமல் இருமினார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.